நியூ மெட்டலை இசைத்தட்டில் கேட்பது: கொழும்பில் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2001ஆம் ஆண்டு, மின்வெட்டுக் காலம். வெள்ளவத்தையில் மாலையில் மின்சாரம் போனதும் தொடர்மாடியின் படிக்கட்டில் உட்கார்ந்து வாக்மன் கேட்போம். உள்ளே இருந்த கசெற் ஒரு நண்பனின் இறுவட்டிலிருந்து பதிந்தது. அந்த இறுவட்டும் புறக்கோட்டையில் வாங்கிய பிரதிதான். பற்றரி இறங்க இறங்கப் பாட்டின் வேகமும் இறங்கும். கோர்ன், லிங்கின் பார்க், ஸ்லிப்நாட் என்று, ஹெவி மெட்டலோடு ஹிப்-ஹொப்பைக் கலந்த நியூ மெட்டல் குழுக்கள் எல்லாம் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். கிற்றாரின் உறுமல் கேட்டது, கத்தல் கேட்டது. அடியில் ஓடும் பாஸ் மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ மேசையை இழுப்பதுபோலத் தொலைவில் இருந்தது.

இருபது வருடங்களுக்குப் பிறகு அதே கோர்ன் தொகுப்பை, ஊசி சரியாகப் பொருத்திய கருவியில், இசைத்தட்டாகக் கேட்டேன். பதினைந்து வயதில் நான் மனப்பாடம் செய்திருந்தது பாட்டின் மேற்பாதியை மட்டும் என்பது அன்றுதான் புரிந்தது. கீழ்ப்பாதி அத்தனை காலமும் எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

ஆகவே இந்த வழிகாட்டி அந்தக் கீழ்ப்பாதியை மீட்பதைப் பற்றியது. வண்ண வண்ணத் தட்டுகளைச் சேர்த்து அலுமாரியில் அடுக்குவது வேறொரு பொழுதுபோக்கு. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் கையில் இருக்கும் பணம் அளவானது என்றால், முதலில் கேட்பதற்காக வாங்குங்கள்.

ஏன் இப்போது, ஏன் தட்டில்

நியூ மெட்டலின் தொடக்கமாகப் பலரும் சொல்வது 1994 ஒக்டோபரில் வந்த கோர்னின் முதல் தொகுப்பை. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் ஊர்க்காரர்கள். தயாரித்தவர் ரொஸ் ரொபின்சன். பின்னர் லிம்ப் பிஸ்கிட்டின் முதல் தொகுப்பையும் ஸ்லிப்நாட்டின் முதல் இரண்டு பெருந்தொகுப்புகளையும் தயாரித்தவரும் அவரே. 2000ஆம் ஆண்டு ஜூனில் டெஃப்டோன்ஸின் ‘வைட் போனி’, ஒக்டோபரில் லிங்கின் பார்க்கின் ‘ஹைபிரிட் தியரி’, 2001இல் சிஸ்டம் ஆஃப் எ டவுனின் ‘டொக்சிசிற்றி’, ஸ்லிப்நாட்டின் ‘அயோவா’ என்று ஒரு குறுகிய காலத்துக்குள் எல்லாம் வந்து குவிந்தன.

அது இறுவட்டின் பொற்காலம். இசைத்தட்டு அப்போது சிறு எண்ணிக்கையில் அச்சாகிய பக்கச்சரக்கு. அதனால்தான் அந்தக் காலத்து மூலப் பதிப்புகள் இன்று எட்டாத விலையில் இருக்கின்றன. இன்று நம் கைக்கு வருபவை பெரும்பாலும் மறுபதிப்புகள். ‘ஹைபிரிட் தியரி’க்கும் ‘வைட் போனி’க்கும் 2020இல் இருபதாம் ஆண்டுப் பதிப்புகள் வந்தன. லிங்கின் பார்க்கின் இன்னொரு தொகுப்பான ‘மெற்றியோரா’வுக்கு 2023இல் வந்தது. அதே ஆண்டு மே மாதம் லாஸ் வேகாஸில் நடந்த ‘சிக் நியூ வேர்ல்ட்’ இசைவிழாவில் சிஸ்டம் ஆஃப் எ டவுன், கோர்ன், டெஃப்டோன்ஸ் ஆகிய மூன்று குழுக்களும் முதன்மை இடத்தில் நின்றன. இதற்கிடையில் அமெரிக்காவில் 2022இல் இசைத்தட்டு விற்பனை 4 கோடியே 10 இலட்சமாகவும் இறுவட்டு விற்பனை 3 கோடியே 30 இலட்சமாகவும் இருந்தன. எண்ணிக்கையில் தட்டு இறுவட்டை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. இசைத்தட்டு இந்த இசைக்கு வெளியிலிருந்து வந்த பழம்பொருள் அல்ல. லிங்கின் பார்க்கின் ஜோ ஹான், லிம்ப் பிஸ்கிட்டின் டிஜே லீத்தல், ஸ்லிப்நாட்டின் சிட் வில்சன் ஆகியோர் மேடையில் தட்டைக் கையால் முன்னும் பின்னும் உரசித்தான் தங்கள் பங்கை வாசித்தார்கள். ‘ஹைபிரிட் தியரி’யின் பதினோராவது துண்டு ஏறத்தாழ முழுவதும் அந்த உரசலே. தட்டின் சத்தம் தட்டிலேயே திரும்பி வருவதைக் கேட்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

முதற் படி: எந்தத் தொகுப்பு தட்டுக்குப் பொருந்தும்

கருவி வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாத் தொகுப்பும் தட்டில் நன்றாக அமைவதில்லை. காரணம் எளிய பௌதிகம்.

தட்டின் மேல் ஒரே ஒரு நீண்ட தவாளிப்பு சுருளாக ஓடுகிறது. ஊசி அதற்குள் அசைவதுதான் சத்தம். ஒலி எவ்வளவு தாழ்ந்ததோ, எவ்வளவு உரத்ததோ, அவ்வளவுக்குத் தவாளிப்பு அகலமாக வளைய வேண்டும். கோர்ன் ஏழு தந்திக் கிற்றாரைத் தாழ்த்திச் சுருதி சேர்க்கிறார்கள். அதன் தடித்த தந்தி 55 ஹேர்ட்ஸ் மீடிறனில் அதிர்கிறது. பாஸ் கிற்றாரின் அடித்தந்தி அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, 27.5 ஹேர்ட்ஸ். இதை அப்படியே வெட்டினால் ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே அடங்கும். ஆகவே தட்டை வெட்டும்போது தாழ்சுரங்களைக் குறைத்தும் மேல்சுரங்களைக் கூட்டியும் பதிகிறார்கள். கேட்கும்போது ஃபோனோ பிரீஆம்ப் என்ற சிறு கருவி அதை நேர்மாறாக்கித் திருப்பித் தருகிறது. இதற்கான அளவை ஆர்ஐஏஏ வளைகோடு என்பார்கள்.

இவ்வளவு செய்த பிறகும் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில், நிம்மதியாக அடங்குவது 18 முதல் 22 நிமிடங்கள். அதற்கு மேல் திணித்தால் முதலில் பலியாவது பாஸ், அடுத்தது ஒலியளவு. இறுவட்டோ 74 நிமிடங்கள் தாங்கும். நியூ மெட்டல்காரர்கள் அந்த இடத்தை விட்டுவைக்கவில்லை. கோர்னின் முதல் தொகுப்பு ஏறத்தாழ 66 நிமிடங்கள். அவர்களுடைய ‘ஃபொலோ த லீடர்’ 70 நிமிடங்கள். அந்த இறுவட்டில் முதல் 12 துண்டுகளும் வெறும் மௌனம், பாட்டு 13ஆவதில்தான் தொடங்குகிறது. இப்படியான விளையாட்டுக்குத் தட்டில் இடமில்லை. ‘அயோவா’ 66 நிமிடங்கள், அதன் கடைசிப் பாட்டு மட்டும் 15 நிமிடங்கள்.

இதை வைத்து நான் சொல்வது இதுதான். ‘ஹைபிரிட் தியரி’ 38 நிமிடங்களுக்குள், ‘மெற்றியோரா’ 37 நிமிடங்களுக்குள் முடிகின்றன. பக்கத்துக்கு 19 நிமிடங்களுக்கு மேல் போகாது. ஒற்றைத் தட்டுக்கென்றே அளந்து செய்தவை போன்ற நீளம். தொடங்குபவருக்கு இவற்றைவிட நல்ல முதல் தட்டு கிடையாது. ‘டொக்சிசிற்றி’ 44 நிமிடங்கள், ஒற்றைத் தட்டுக்கு விளிம்பில் நிற்கிறது, ஆனாலும் வாங்கலாம். கோர்ன், ஸ்லிப்நாட், லிம்ப் பிஸ்கிட் தொகுப்புகளை இரட்டைத் தட்டாக மட்டும் வாங்குங்கள். 60 நிமிடங்களுக்கு மேற்பட்ட இசையை ஒற்றைத் தட்டில் யாராவது விற்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு நுட்பம் உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும் வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் செக்கனுக்கு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் தவாளிப்பு ஓடுகிறது, உள்விளிம்பில் 20 சென்ரிமீற்றர் சொச்சம்தான். அதே நுணுக்கத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டியிருப்பதால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ்’ ஒலியும் உச்சக் கத்தலும் கரகரக்கத் தொடங்கும். லிங்கின் பார்க் பாடகர் செஸ்ரர் பெனிங்டனின் குரல் கரகரப்பும் தெளிவும் ஒன்றாகச் சேர்ந்த குரல். எது அவருடைய கரகரப்பு, எது ஊசியின் கரகரப்பு என்று பிரித்தறிய நல்ல ஊசி வேண்டும். இதற்கு அடுத்த படியில் வருகிறேன்.

180 கிராம் என்று ஒட்டியிருப்பது தட்டின் எடை மட்டுமே. அது ஒலித்தரத்துக்கான உறுதிமொழி ஆகாது. வண்ணத் தட்டுகள் இன்று பெரும்பாலும் கறுப்புத் தட்டுக்கு நிகராகவே இருக்கின்றன. படம் அச்சிட்ட தட்டை மட்டும் தவிருங்கள். படத்தாளின் மேல் மெல்லிய படலத்தில் தவாளிப்பு பதிவதால் இரைச்சல் கூடுதல். சுவரில் மாட்ட அழகாக இருக்கும்.

இரண்டாம் படி: கருவி

பெட்டி வடிவில், உள்ளேயே ஒலிபெருக்கியுடன் வரும் மலிவான கருவிகளை இந்த இசைக்கு வாங்காதீர்கள். ஒலிபெருக்கியும் ஊசியும் ஒரே பெட்டியில் இருந்தால் பாஸ் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் பெட்டி அதிரும், ஊசியும் அதிரும், அது மீண்டும் ஒலிபெருக்கிக்குப் போகும். மென்மையான பாட்டில் இது தெரியாமல் போகலாம். கோர்னில் தப்பவே தப்பாது.

புதிதாக வாங்குவதென்றால் ஓடியோ டெக்னிகாவின் எல்பி60எக்ஸ் தொடக்கத்துக்குப் போதும். தானாகவே ஊசியை இறக்கி ஏற்றும், ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஊசியின் அழுத்தத்தை மாற்ற முடியாது. நான்கைந்து வருடம் வைத்துக் கேட்கப்போகிறீர்கள் என்றால் எல்பி120எக்ஸ், ரேகா, புரொ-ஜெக்ட் போன்றவற்றுக்குக் காத்திருந்து சேமிப்பது மேல். ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜை மாற்றிக்கொள்ளலாம் என்பதே பெரிய வித்தியாசம்.

கொழும்பில் பலரும் போகும் வழி, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கருவி. எழுபதுகள், எண்பதுகளின் ஜப்பான் கருவிகள் உண்மையிலேயே திடமானவை. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நானே அதில் மாட்டினேன் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ற், நமக்கு 230. நேரே செருகினால் மோட்டார் கருகிவிடும் என்பது கடைக்காரருக்கும் தெரியும், கூடவே ஒரு மின்மாற்றியும் தருவார். யாரும் சொல்லாதது மீடிறனைப் பற்றி. ஜப்பானின் கிழக்கே 50 ஹேர்ட்ஸ், மேற்கே 60. இலங்கையில் 50. பெல்ற்றால் சுழலும் பழைய கருவிகள் பலவற்றில் மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பதே இந்த மீடிறன்தான். மின்மாற்றி வோல்ற்றைக் குறைக்கும், மீடிறனைத் தொடாது. 60க்கென்று செய்த கப்பியோடு வந்த கருவி இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், நிமிடத்துக்கு 28 சுற்றுக்கும் குறைவாகச் சுழலும். பாட்டு ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும்.

நான் வாங்கிய கருவியில் முதலில் போட்டது கோர்ன். ஏற்கனவே தாழ்த்திச் சுருதி சேர்த்த கிற்றார் ஆதலால் ஒரு நிமிடம்வரை எதுவும் தவறாகப் படவில்லை. பாடகர் வாய் திறந்ததும்தான் அது அவர் குரல் அல்ல என்று தெரிந்தது.

ஆகவே பாவித்த கருவி வாங்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு சிறு காகிதத்துண்டை ஒட்டுங்கள். கருவியைச் சுழலவிட்டு, கைத்தொலைபேசியில் மூன்று நிமிடம் வைத்து, அந்தத் துண்டு எத்தனை தடவை சுற்றி வருகிறது என்று எண்ணுங்கள். சரியாக 100 வர வேண்டும். 83 வந்தால் நான் சொன்ன கோளாறு. 98, 102 வந்தால் பெல்ற் தளர்ந்திருக்கலாம், அல்லது வேகத் திருகைத் திருத்த வேண்டியிருக்கலாம், பெரிய விடயமல்ல. கடைக்காரர் பொறுமையிழந்தாலும் மூன்று நிமிடமும் எண்ணி முடியுங்கள். பெல்ற் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றும், குவாட்ஸ் கட்டுப்பாடுள்ள கருவிகளுக்கும் நேரோட்ட மோட்டார் கொண்டவற்றுக்கும் இந்த மீடிறன் சிக்கல் இல்லை. பஞ்சிகாவத்தை, மருதானைப் பக்கம் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

பழைய கருவியில் வந்த ஊசியை நம்பாதீர்கள். தேய்ந்த ஊசி உங்கள் புதிய தட்டைச் சீவிவிடும். ஓடியோ டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் ஒரே காட்ரிட்ஜில் பல தர ஊசிகளை மாற்றி மாற்றிச் செருகலாம். நீள்வட்ட ஊசியோடு தொடங்கி, பின்னர் நுனியை இன்னும் நுண்ணியதாகத் தீட்டிய மைக்ரோலினியர் ஊசிக்கு மாறினால், மேலே சொன்ன உள்விளிம்புக் கரகரப்பு வியக்கத்தக்க அளவு குறையும். என் அனுபவத்தில் இந்த இசைக்குச் செலவழித்த பணத்தில் மிகப் பயன் தந்தது அந்த ஊசிதான்.

பொருத்துவது

கருவி வைக்கும் இடம் மட்டமாக இருக்க வேண்டும். மேசன்மார் பாவிக்கும் சிறிய நீர்மட்டத்தைத் தட்டுமேடையின்மேல் வைத்துப் பாருங்கள். ஊசிக்கையின் பின்னாலுள்ள எடையைத் திருகி, கை மிதக்கும்படி சமன் செய்து, பிறகு காட்ரிட்ஜுக்குரிய அழுத்தத்தை வையுங்கள். விஎம்95க்கு 2 கிராம், ஓர்ட்டஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8. அழுத்தம் குறைவாக இருந்தால் தட்டு தேயாது என்ற எண்ணம் தவறு. போதிய அழுத்தம் இல்லாத ஊசி தவாளிப்பில் குதிக்கும், குதித்து விழும் இடத்தில்தான் சேதம். இந்த அழுத்தத்தை அளக்கச் சிறிய இலத்திரனியல் தராசுகள் மலிவாகக் கிடைக்கின்றன.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் கடற்கரைப் பக்கமாக இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கரையோர ரயில் பாதை நம் வீட்டுக்குப் பின்னால் போகிறது. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்குவது பழகிவிட்டதால் நாம் கவனிப்பதில்லை. ஊசி கவனிக்கிறது. தரையில் நிற்கும் அலுமாரியின்மேல் கருவியை வைத்திருந்தபோது ஒவ்வொரு ரயிலுக்கும் ஒலிபெருக்கியின் கூம்பு உள்ளும் வெளியுமாக மூச்சு வாங்குவதைக் கண்ணால் பார்த்தேன். கனமான சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, அதன்மேல் தடித்த பலகை போட்டு மாற்றிய பிறகு அது நின்றுவிட்டது. தாங்கியை ரயில் பாதையிலிருந்து தள்ளியிருக்கும் சுவரில் அடியுங்கள். ஒலிபெருக்கிகளை அதே பலகையில் வைக்கவே கூடாது.

கோர்ன் தட்டைப் போட்டு முதல் பரிசோதனை செய்யாதீர்கள். இழந்தாலும் வருந்தாத பழைய நீளிசைத் தட்டொன்றில் ஊசியை இறக்கிப் பழகுங்கள். ஆனால் தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டில் வேண்டாம். அது அரக்கால் ஆனது, அதற்குத் தனி ஊசியும் தனி வேகமும் உண்டு.

மூன்றாம் படி: வாங்குவதும் வரவழைப்பதும்

கொழும்பில் நியூ மெட்டல் தட்டு கடையில் எடுத்துப் பார்த்து வாங்கக் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். டிஸ்கொக்ஸ் இணையத்தளம் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. ஒவ்வொரு பதிப்பின் விவரத்தையும் அங்கே பார்க்கலாம். எந்த ஆண்டு, எந்த ஆலை, ஒற்றையா இரட்டையா, தட்டின் நடுவிலுள்ள வெற்றுப் பகுதியில் என்ன கீறியிருக்கிறது என்பதுவரை இருக்கும். வாங்கும் முன் அந்தப் பதிப்பின் பக்கத்துக்குப் போய், வாங்கியவர்கள் எழுதிய குறைகளைப் படியுங்கள். இரைச்சல், தட்டு வளைவு, நடுத்துளை விலகல் என்று ஒரே குறையைப் பலர் சொல்லியிருந்தால் வேறு பதிப்புக்குப் போங்கள். நெதர்லாந்தின் மியூசிக் ஒன் வைனல் நிறுவனத்தின் மறுபதிப்புகள் ஹார்லெம் நகரின் பழைய ஆலையில் அச்சாகின்றன. அவற்றை வாங்கி நான் ஏமாந்ததில்லை.

பாவித்த தட்டுக்குத் தர அடையாளங்கள் உண்டு. ‘நியர் மின்ற்’ என்றால் ஏறத்தாழப் புதிது. ‘விஜி பிளஸ்’ என்றால் சிறு உரசல்கள், கேட்பதற்குக் குறையில்லை. வெறும் ‘விஜி’ என்றால் பாட்டு முழுவதும் பொரிவது கேட்கும். ‘குட்’ என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள்; இந்த அளவுகோலில் அது நன்று என்று பொருள்படாது, சேகரிப்பவருக்கு மட்டுமே உதவும் நிலை.

போலிகளும் இருக்கின்றன. அட்டைப்படம் வருடியெடுத்ததுபோல மங்கல், நிறுவனத்தின் பெயர் இல்லை, விலை பாதி, ‘வானொலி ஒலிபரப்பு’ என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. இவற்றில் இரண்டு சேர்ந்து கண்ணில் பட்டாலே விலகிவிடுங்கள்.

செலவுக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். புதிய தட்டு பொதுவாக 25 முதல் 40 அமெரிக்க டொலர் வரை. இரட்டைத் தட்டு, அட்டை, பொதி எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோவைத் தொடும். தபாற் செலவு தட்டின் விலைக்குச் சமமாக வந்தாலும் ஆச்சரியமில்லை. சுங்கத்தில் கணக்கிடும்போது பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதியின்மேல்தான் தீர்வை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். இசைத்தட்டு 8523.80 என்ற தலைப்பின்கீழ் வருகிறது. சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்திலுள்ள தீர்வை அட்டவணையில் அந்த எண்ணைத் தேடி, அன்றைய வீதங்களைப் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாம். விலை ரூபாவில் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்காமல் எதையும் கூடைக்குள் போடுவதில்லை.

நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே விற்பனையாளரிடம் ஒரே பொதியாக எடுக்கிறோம். முதல் தட்டுக்குத்தான் தபாற் செலவு வலிக்கும், நான்காவது தட்டு அதில் சிறு பங்கையே கூட்டுகிறது. விற்பனையாளருக்கு இரண்டு வேண்டுகோள்களை எழுதுவேன். ஒன்று, தட்டை அட்டைக்கு வெளியே எடுத்துத் தனி உறையில் வைத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் வழியில் தட்டு அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். இரண்டு, உண்மையான விலையை எழுதுங்கள். குறைத்து எழுதிய பொதிதான் சுங்கத்தில் நாட்கணக்கில் நிற்கும். தபாலில் அறிவித்தல் வந்தால், பணம் செலுத்திய பற்றுச்சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள்.

தட்டு வந்ததும்

பொதியை உடனே பிரியுங்கள். வெயிலில் கிடந்து வந்திருந்தால் மட்டும் ஒரு மணித்தியாலம் அறையின் வெப்பத்துக்கு வரவிட்டுப் பிரிக்கலாம். சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக்கைப் பத்திரப்படுத்தாமல் கழற்றி எறியுங்கள். நம் வெப்பத்தில் அது சுருங்கிச் சுருங்கி அட்டையை இழுத்துத் தட்டை வளைத்துவிடும். தட்டைச் சாய்த்து விளக்கொளியில் பாருங்கள், சுழலவிட்டுக் கண்மட்டத்தில் பாருங்கள். குறை இருந்தால் அன்றே படமெடுத்து விற்பனையாளருக்கு அனுப்புங்கள்.

புதிய தட்டானாலும் ஒரு தடவை கழுவுவது நல்லது. ஆலையின் தூசும் காகிதத் துகளும் அதில் இருக்கும். காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, ஐசோபுரொப்பைல் அற்ககோல் ஒரு பங்கு, மென்மையான துணி. தவாளிப்பின் போக்கிலேயே துடைக்க வேண்டும். நடுவிலுள்ள காகிதத்தை நனைக்கக் கூடாது. பிறகு வெறும் வடித்த நீரால் ஒரு தடவை. குழாய்நீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் படியும். அரக்குத் தட்டில் அற்ககோல் பட்டால் தட்டே கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோப்பைகள் காயவைக்கும் தாங்கியில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் இரவு முழுவதும் எடுக்கும். ஈரம் துளி இருந்தாலும் உறைக்குள் போடாதீர்கள்.

நான்காம் படி: கொழும்பின் காற்று

இசைத்தட்டுப் பராமரிப்பைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி குளிர்நாட்டவருக்கானது. அவர்களுடைய எதிரி உலர்ந்த காற்றில் வரும் நிலைமின். நம்முடைய எதிரி பூஞ்சணம். இங்கே ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 75 சதவீதத்துக்கு மேல். தட்டு பிளாஸ்ரிக், அதைப் பூஞ்சணம் தின்னாது. ஆனால் காகித உறையிலும் கைரேகையின் எண்ணெயிலும் வளர்ந்து தவாளிப்புக்குள் இறங்கும். ஒருமுறை மூன்று மாதம் திறக்காமல் வைத்த ‘டொக்சிசிற்றி’யை எடுத்தபோது, கறுப்புத் தட்டின்மேல் விபூதி தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். இரண்டு தடவை கழுவிய பிறகுதான் போயிற்று. அந்தக் காகித உள்ளுறையை அன்றே வீசிவிட்டேன்.

ஆகவே உள்ளுறையை மாற்றுங்கள். பொலித்தீன் பூசிய உறைகள் கிடைக்கும். வெளியுறைக்குப் பொலிபுரொப்பிலீன் அல்லது பொலித்தீன் மட்டும். தடித்த பளபளப்பான பிவிசி உறை நம் வெப்பத்தில் ஆவி விட்டுத் தட்டின்மேல் மங்கலான படலத்தை ஏற்படுத்தும், அது பிறகு எதற்கும் போகாது. தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். அலுமாரியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, மாதம் ஒருமுறை ஒவ்வொரு தட்டையும் வெளியே எடுப்பது. கேட்கப்படும் தட்டில் பூஞ்சணம் பிடிப்பது குறைவு.

நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூடத் தட்டை விடாதீர்கள். நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் முச்சக்கர வண்டியில் மடிமேல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போவதே பாதுகாப்பு.

கேட்கும் நேரம்

தொடர்மாடி வாழ்க்கையில் 27.5 ஹேர்ட்ஸ் என்பது கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கும் உரியது. நான் சனிக்கிழமை மாலை நான்கு மணியை அதற்கென்று வைத்துக்கொண்டேன். கீழ்வீட்டு அன்ரியிடம் முன்பே சொல்லி, “அஞ்சு மணிக்கு நிப்பாட்டிப்போடுவியோ தம்பி?” என்ற கேள்விக்கு ஒப்புக்கொண்டுதான் தொடங்கினேன். ஒரு மணித்தியாலத்தில் இரட்டைத் தட்டின் மூன்று பக்கம் கேட்கலாம், நான்காவது அடுத்த வாரத்துக்கு.

பக்கம் பக்கமாகக் கேட்பது தொகுப்பையே மாற்றுகிறது. ‘அயோவா’வின் கடைசிப் பாட்டை இறுவட்டில் நான் பெரும்பாலும் முடியும்வரை கேட்டதில்லை. அதற்காக எழுந்துபோய், தட்டைத் துடைத்து, ஊசியை இறக்கும்போது, அந்தப் 15 நிமிடமும் நாற்காலியை விட்டு எழ மனம் வருவதில்லை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்பு காபன் இழைத் தூரிகையால் தட்டைத் துடையுங்கள். ஊசியைப் பின்னிருந்து முன்னாக மட்டும் துடையுங்கள். ஊசிக்கு ஆயுள் உண்டு. ஓடியோ டெக்னிகாவின் கணக்கில் நீள்வட்ட ஊசி 300 மணித்தியாலம், மைக்ரோலினியர் 1000. தேய்ந்துவிட்டதைக் காது உடனே கண்டுபிடிக்காது, அதற்குள் தட்டுகள் கெட்டிருக்கும். ஆகவே கருவிக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கொப்பி வைத்து, கேட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். மூன்று கோடுகளை ஒரு மணித்தியாலமாக எண்ணுங்கள். என் கொப்பியில் போன சனிக்கிழமையோடு 636 கோடுகள், அதாவது 212 மணித்தியாலம்.